789 என்ற கணக்குத் தலைப்பு: தலித் கொள்கையில் ஆளுங்கட்சிகள் எங்கே கைவைக்கின்றன?

ஆட்சி மாறினால் பட்டியல் சாதியினர் குறித்த அரசின் கொள்கையும் மாறுமா? சட்டப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் பெரிதாக மாறாது. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது பிரிவு, கல்வி வேலைவாய்ப்பு இடஒதுக்கீடு, தனித்தொகுதிகள், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஆகியவற்றில் நேரடியாகக் கைவைக்க எந்தக் கட்சிக்கும் துணிவு வருவதில்லை. 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் வன்கொடுமைச் சட்டத்தில் உடனடிக் கைதுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஏப்ரல் 2 அன்று வட மாநிலங்கள் பந்தில் கொந்தளித்தன. ஆகஸ்ட் மாதத்துக்குள் பாஜக தலைமையிலான ஒன்றிய அரசே 18ஏ பிரிவைச் சேர்த்து அந்தத் தீர்ப்பின் விளைவை நீக்கியது. வெளிப்படையாகத் தெரியும் உரிமை என்றால் எல்லாக் கட்சிகளும் ஒரே பக்கம் நிற்கும்.

கட்சிகளின் உண்மையான அதிகாரம் அதற்குக் கீழே இருக்கிறது. ஒரு செலவை எந்தக் கணக்கில் எழுதுவது, எந்த உட்சாதியைப் பயனாளி என்று வரையறுப்பது, எந்தக் குழுவைக் கூட்டாமல் தள்ளிப்போடுவது, பணத்தை ஜூனில் விடுவிப்பதா மார்ச்சில் விடுவிப்பதா? இவை எதற்கும் சட்டமன்றத்தில் பெரிய விவாதம் நடப்பதில்லை. அரசாணை போதும், பல நேரங்களில் அதுகூட வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.

இதற்கு அடிப்படைக் காரணம் தேர்தல் கணக்கு. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கானவை, மக்களவையில் 84. எண்ணிக்கை கணிசமானதுதான். ஆனால் 1932 பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு தனித்தொகுதியில் வேட்பாளர் மட்டுமே தலித், வாக்காளர்கள் அனைவரும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு, நாடு முழுவதும் 16.6 விழுக்காடு. ஏறத்தாழ எல்லாத் தனித்தொகுதிகளிலும் மற்ற சாதியினரே பெரும்பான்மை. எனவே அங்கே வெல்கிறவர் தன் மக்களின் கோரிக்கையை விடத் தன் கட்சித் தலைமைக்கும் மற்ற சாதி வாக்குகளுக்கும் கட்டுப்பட்டவராகவே இருக்க நேர்கிறது. நிதி அமைச்சரிடம் போய் ‘எங்கள் பங்கை ஏன் வேறு கணக்கில் எழுதினீர்கள்?’ என்று கேட்கும் பலம் அவருக்கு அரிது. ஆதிதிராவிடர் நலத் துறை அமைச்சருக்கும் பெரும்பாலும் இதே நிலைதான். அமைச்சரவை வரிசையில் அந்தத் துறை எங்கே வைக்கப்படுகிறது என்பதைப் பார்த்தாலே புரியும்.

துணைத்திட்டத்தின் கணக்கு

பட்டியல் பழங்குடியினருக்கு ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் துணைத்திட்டம் வந்தது. அதே முறையில் பட்டியல் சாதியினருக்கான சிறப்பு உட்கூறுத் திட்டம் 1979-80இல் தொடங்கியது. பிறகு இதையும் துணைத்திட்டம் என்றே அழைத்தார்கள். 1980 மார்ச்சில் பிரதமர் இந்திரா காந்தி எல்லா முதல்வர்களுக்கும் இதுபற்றிக் கடிதம் எழுதினார். கொள்கை எளிமையானது: மாநிலத்தின் திட்டச் செலவில் (ஐந்தாண்டுத் திட்டத்தின் கீழ் வரும் செலவில்) பட்டியல் சாதியினரின் மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாத பங்கை அவர்களுக்கென்றே ஒதுக்க வேண்டும், அதை வேறு வேலைக்குத் திருப்பக் கூடாது, ஆண்டு முடிவில் அது காலாவதியாகவும் கூடாது. திருப்பினால் தெரிய வேண்டும் என்பதற்காகக் கணக்கில் தனி அடையாளம் கொடுத்தார்கள். அதுதான் 789 என்ற சிறுதலைப்பு. பழங்குடியினருக்கு 796. பட்ஜெட் கணக்குக் குறியீட்டில் முதல் நான்கு இலக்கம் துறையின் செயல்பாட்டையும் (2225 என்றால் பட்டியல் சாதியினர் உள்ளிட்டோர் நலம்), அடுத்த இரண்டு அதன் உட்பிரிவையும், அதற்கடுத்த மூன்று சிறுதலைப்பையும் குறிக்கும். வேளாண்மைத் துறையோ ஊரக வளர்ச்சித் துறையோ தன் செலவில் பட்டியல் சாதியினர் பங்கைக் காட்ட வேண்டுமானால் இந்த மூன்று இலக்க இடத்தில் 789 என்று எழுத வேண்டும்.

சூழ்ச்சி நடப்பதும் இந்த இடத்தில்தான். ஒரு செலவை ‘பட்டியல் சாதியினருக்கானது’ என்று சொல்ல நான்கு வழிகள் உள்ளன. ஒன்று, அவர்களுக்கு மட்டுமேயான திட்டம்: விடுதி, கல்வி உதவித்தொகை, தாட்கோ (தமிழ்நாடு ஆதிதிராவிடர் வீட்டுவசதி, மேம்பாட்டுக் கழகம்) மானியம். இதில் முழுத் தொகையையும் 789இல் எழுதுவது நியாயம். இரண்டு, அவர்கள் குடியிருப்புக்குள் போடும் சாலை, குடிநீர்க் குழாய். இதுவும் நியாயம்தான், அந்தக் குழாய் உண்மையிலேயே காலனிக்குள் நுழைந்திருந்தால். மூன்று, எல்லாருக்குமான திட்டத்தில் தலித் பயனாளிகள் எத்தனை பேரோ அந்த விகிதம். நான்கு, பிரிக்கவே முடியாத பெரிய பணிகள்: மேம்பாலம், அணை, நெடுஞ்சாலை. ‘அந்தப் பாலத்தில் தலித்துகளும் போவார்கள்தானே’ என்ற தர்க்கத்தில் ஒரு பங்கை ‘செலவழித்ததாகக் கருதி’ இந்தக் கணக்கில் ஏற்றுவார்கள்.

முதல் இரண்டுக்கும் திட்டம் தீட்ட வேண்டும், இடம் தேட வேண்டும், ஆள் வேண்டும். பின் இரண்டுக்கும் ஒரு எழுத்தர் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் போதும். ஆளுங்கட்சி ஒரு பெரிய பொதுநலத் திட்டத்தை அறிவித்து, அதற்கு வருவாய் போதாமல் திணறும்போது, நிதித் துறையின் கண் இயல்பாகவே மூன்றாவது, நான்காவது வழிகள் மேல் விழுகிறது.

மிக அப்பட்டமான உதாரணம் டெல்லி. 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக அன்றைய காங்கிரஸ் மாநில அரசு சிறப்பு உட்கூறுத் திட்டத்திலிருந்து 600 கோடி ரூபாய்க்கு மேல் திருப்பியது தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக வெளிவந்தது. அன்றைய உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம் மாநிலங்களவையிலேயே அது தவறு என்று ஒப்புக்கொண்டார்.

அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் ‘வழிகாட்டு நெறி போதாது, சட்டம் வேண்டும்’ என்ற குரல் வலுத்தது. ஒன்றிணைந்த ஆந்திரத்தில் காங்கிரஸ் அரசு 2012 டிசம்பரில் துணைத்திட்டச் சட்டத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. 2013இல் கர்நாடகத்தில் சித்தராமையா அரசு 24.1 விழுக்காட்டை (பட்டியல் சாதி, பழங்குடி இரண்டுக்கும் சேர்த்து) சட்டமாக்கியது. தெலங்கானா 2017இல் செலவாகாத தொகையை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும் ஏற்பாட்டுடன் தனிச் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் 2024 ஜூனில் திமுக அரசு இதே வகையான சட்டத்தை நிறைவேற்றியது.

சட்டம் வந்தால் தீர்ந்ததா என்றால் கர்நாடகத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 7(டி) என்ற உட்பிரிவு, மேலே சொன்ன நான்காவது வழியைச் சட்டப்படியே அனுமதித்தது. பாசனத்துக்கும் சாலைக்கும் செலவழித்ததைத் துணைத்திட்டக் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம். பத்தாண்டு எதிர்ப்புக்குப் பிறகு 2023இல் அதே சித்தராமையாவின் இரண்டாவது ஆட்சி அந்த உட்பிரிவை நீக்கியது. பாராட்ட வேண்டிய செயல். ஆனால் அதே அரசு, மகளிருக்கு மாதம் 2,000 ரூபாய், இலவசப் பேருந்து, இலவச மின்சாரம் ஆகிய ‘உத்தரவாத’த் திட்டங்களுக்குத் துணைத்திட்ட நிதியிலிருந்து 2023-24இல் 11,000 கோடிக்கு மேலும், 2024-25இல் 14,000 கோடிக்கு மேலும் எடுத்தது. பயனாளிகளில் தலித்துகளும் இருக்கிறார்கள், எனவே அதே சட்டத்தின் 7(சி) உட்பிரிவு இடம் தருகிறது என்பது அரசின் வாதம். நான்காவது கதவை மூடி மூன்றாவது கதவை அகலத் திறந்தார்கள் என்பதே நடந்தது. தமிழ்நாட்டில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குத் துணைத்திட்ட நிதி பயன்படுவதாக 2023இல் புகார் எழுந்தபோது, பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆணையம் விளக்கம் கேட்டதும் இதே சிக்கல்தான்.

இதில் ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. தலித் பெண்ணின் கையில் மாதம் ஆயிரம் ரூபாய் சேர்வது பயனில்லையா? பயன்தான். கேள்வி வேறு. அந்த ஆயிரம் ரூபாய் குடிமகள் என்ற முறையில் அவருக்கும் பக்கத்துத் தெருப் பெண்ணுக்கும் சமமாகக் கிடைக்கிறது. சாதியால் ஏற்பட்ட கூடுதல் பள்ளத்தை நிரப்பவே துணைத்திட்டம் வந்தது. இருவருக்கும் ஒரே தொகை கொடுத்துவிட்டு, ஒருவருக்குக் கொடுத்ததை மட்டும் பள்ளம் நிரப்பிய கணக்கில் எழுதினால் பள்ளம் அப்படியே இருக்கும், நிதி மட்டும் தீர்ந்துபோகும்.

ஒன்றிய அரசில் நடந்தது இன்னும் அடக்கமான மாற்றம். 2017-18 முதல் பட்ஜெட்டில் திட்டச் செலவு, திட்டமில்லாச் செலவு என்ற பிரிவினை நீக்கப்பட்டது. நிர்வாகச் சீர்திருத்தம் என்ற அளவில் அதற்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் ‘திட்டச் செலவில் மக்கள்தொகை விகிதம்’ என்ற சூத்திரத்தின் பகுதி எண்ணே அதோடு காணாமல் போனது. எதில் 16.6 விழுக்காடு என்று கேட்க இனி இடமில்லை. அமைச்சகம் அமைச்சகமாக ஒரு சதவீதம் குறித்துக் கொடுக்கிறார்கள். பட்ஜெட் ஆவணங்களில் 10ஏ என்ற அறிக்கையைத் திறந்தால் கல்வி உதவித்தொகையின் பக்கத்தில் உர மானியத்தின் ஒரு பகுதியும் ‘பட்டியல் சாதியினர் நல ஒதுக்கீடு’ என்று நிற்கும். நிலமில்லாத கூலிக் குடும்பங்கள் மிகுந்த ஒரு சமூகத்துக்கு யூரியா மானியம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை அந்த அறிக்கை விளக்குவதில்லை.

உதவித்தொகையில் ஒரு சூத்திரத்தின் விளையாட்டு

பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகைதான் தலித் குடும்பங்களின் வாழ்க்கையை மிக நேரடியாக மாற்றிய ஒற்றைத் திட்டம். 1944 முதல் நடக்கிறது, எந்தக் கட்சியும் இதை நிறுத்தியதில்லை. ஆனால் இதை ஏறக்குறைய மூச்சடைக்க வைத்த சம்பவம் நடந்தது.

பழைய விதி இப்படி: ஒரு ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி ஆண்டில் மாநிலத்தில் மொத்தம் 100 கோடி தேவைப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஐந்தாண்டில் ஆண்டுதோறும் முதல் 100 கோடி மாநிலத்தின் கட்டாயப் பொறுப்பு. அதற்கு மேல் போனால் மட்டும் ஒன்றிய அரசு தரும். ஒவ்வொரு திட்டமும் முடியும்போது மாநிலத்தின் பொறுப்பு ஒரு படி ஏறும். 2017 மார்ச்சில் பன்னிரண்டாம் திட்டம் முடிந்தபோது அந்தப் படி மிகப் பெரிதாகிவிட்டது. மாணவர் சேர்க்கை அதற்குள் பல மடங்கு கூடியிருந்ததே காரணம். நன்றாகச் சேர்த்த மாநிலங்களே அதிகம் அடிவாங்கின. தமிழ்நாட்டின் அதிமுக அரசும் பஞ்சாபின் காங்கிரஸ் அரசும் நிலுவைக்காக டெல்லிக்குக் கடிதம் எழுதியபடி இருந்தன.

2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை இதை 60:40 என்று மாற்றியது. ஐந்தாண்டுகளுக்கு மொத்தம் 59,048 கோடி, அதில் ஒன்றியத்தின் பங்கு 35,534 கோடி. நல்ல திருத்தம். ஆனால் கூடவே இன்னொரு மாற்றமும் வந்தது: மாநிலம் தன் 40 விழுக்காட்டைச் செலுத்திய பிறகே ஒன்றியத்தின் 60 விழுக்காடு, அதுவும் நேரே மாணவரின் ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்கு. மாநிலம் தாமதித்தால் ஒன்றியமும் தாமதிக்கும். கல்லூரி அதுவரை காத்திருக்காது. ‘முதலில் கட்டு, பிறகு வந்தால் எடுத்துக்கொள்’ என்கிறது. கட்ட முடியாதவர் தேர்வுக்கூட நுழைவுச்சீட்டுக்கும் மாற்றுச் சான்றிதழுக்கும் அலைய வேண்டியிருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமான உச்சவரம்பு 2.5 லட்சம் என்பதும் பல ஆண்டுகளாக அசையவில்லை. கட்டடத் தொழிலாளி தம்பதியர் இருவரும் ஒழுங்காக வேலைக்குப் போனாலே அந்த வரம்பைத் தாண்டிவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டின் அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. 2018இல் ஒன்றிய அரசின் புதிய நெறிமுறை நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களை உதவித்தொகையிலிருந்து விலக்கியது. கலந்தாய்வில் இடம் கிடைக்காமல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேரும் முதல் தலைமுறை மாணவர்களின் முன் கதவு சாத்தப்பட்டது. திட்டத்தின் பெயர் அப்படியே இருக்கிறது, உள்ளே நுழையும் வாசல்தான் சுருங்கியது.

பத்து லட்சமும் ஒரு இடைத்தேர்தலும்

இதற்கு நேர்மாறான வகை ஒன்றும் உண்டு. கணக்கில் ஒளிந்து செய்வதை விட்டு, கண்ணைப் பறிக்கும்படி செய்வது. தெலங்கானாவின் ‘தலித பந்து’ அதற்குச் சரியான பாடம். 2021 ஆகஸ்டில் சந்திரசேகர ராவ் அரசு தொடங்கிய இத்திட்டத்தில் ஒரு தலித் குடும்பத்துக்குப் பத்து லட்ச ரூபாய், முழுவதும் மானியம், வங்கிக் கடனே இல்லை. அந்தக் கடைசி அம்சம் முக்கியமானது. தாட்கோ போன்ற கழகங்களின் திட்டங்களில் மானியம் அரசுடையது, மீதிக் கடன் வங்கியுடையது. வங்கி மேலாளர் பிணை கேட்டுக் கைவிரித்தால் மானியமும் நிற்கும். ஆண்டு முடிவில் ‘பயனாளிகள் முன்வரவில்லை’ என்று கோப்பில் எழுதப்படும். அந்த முட்டுக்கட்டையை ஒரே வெட்டில் அகற்றியது தெலங்கானா. கொள்கை அளவில் இது துணிச்சலான வடிவமைப்பு என்பதில் ஐயமில்லை.

கெட்டது அது தொடங்கிய இடத்திலும் ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதத்திலும். முழு அளவிலான முன்னோட்டம் இடைத்தேர்தலை எதிர்நோக்கியிருந்த ஹுசூராபாத் தொகுதியில் நடந்தது. அந்த இடைத்தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றது வேறு கதை. மாநிலம் முழுவதும் விரிந்தபோது பயனாளிகளை முடிவு செய்தவர் தொகுதி எம்.எல்.ஏ. இருபதாயிரம் குடும்பங்கள் உள்ள தொகுதியில் சில நூறு பேருக்கு மட்டும் கிடைத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சில எம்.எல்.ஏ.க்கள் பயனாளிகளிடம் பணம் பிடுங்குவதாக 2023இல் முதல்வரே தன் கட்சிக் கூட்டத்தில் எச்சரிக்க வேண்டியதாயிற்று. பட்ஜெட்டில் 2022-23க்கு 17,700 கோடி எழுதப்பட்டது, செலவானது அதன் அருகில்கூட வரவில்லை. 2023 இறுதியில் ஆட்சி மாறியது. தேர்தலின்போது 12 லட்சம் என்று ஏலத்தை ஏற்றிய காங்கிரஸ் வந்ததும் பழைய திட்டம் அப்படியே நின்றது. உத்தரப் பிரதேசத்தில் மாயாவதி ஆட்சியில் முழு வேகத்தில் நடந்த அம்பேத்கர் கிராமத் திட்டம் 2012இல் அகிலேஷ் யாதவ் வந்ததும் சோசலிசத் தலைவர் லோகியாவின் பெயரில் வேறு திட்டமாக மாறியதும் இதே கதை. கட்சியின் முகவரி ஒட்டிய திட்டம் கட்சியோடு போய்விடும்.

எந்த தலித்?

பட்டியல் சாதி என்பது ஒற்றைச் சாதி அல்ல என்பதை எல்லாரையும் விட ஆளுங்கட்சிகள் நன்றாக அறியும். பிகாரில் 22 பட்டியல் சாதிகளில் 18ஐப் பிரித்து 2007இல் ‘மகாதலித்’ என்று அறிவித்தார் நிதீஷ் குமார். வீட்டுமனை, கிராம அளவில் ‘விகாஸ் மித்ர’ ஊழியர் என்று தனி ஏற்பாடுகள். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் வெளியே நின்றது பாஸ்வான் சாதி ஒன்றுதான். அது ராம்விலாஸ் பாஸ்வானின் வாக்கு வங்கி. அவர் கட்சி நிதீஷோடு ஒரே கூட்டணியில் சேர்ந்த பிறகு, 2018இல், பாஸ்வான்களும் மகாதலித் ஆனார்கள். மிகவும் பின்தங்கியோரைத் தனியே கவனிக்கும் தேவை உண்மையானது. ஆனால் எல்லைக்கோட்டை வரைந்ததும் அழித்ததும் எந்தக் கணக்கில் என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

இதே கருவி பொறுமையாக, தரவோடு பயன்பட்ட இடமும் உண்டு. தமிழ்நாட்டில் நீதிபதி ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரையைக் கொண்டு 2009இல் திமுக அரசு பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காட்டை அருந்ததியருக்கு ஒதுக்கியது. அன்று, பட்டியல் சாதியினருக்குள் உள்ஒதுக்கீடு கூடாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2004ஆம் ஆண்டுச் சின்னையா தீர்ப்பு அதற்கு எதிராக நின்றது. ஆந்திரத்தின் நான்கு பிரிவு முறையை அந்தத் தீர்ப்புதான் ரத்து செய்திருந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு 6:1 என்று உள்ஒதுக்கீடு செல்லும் என்றது. அதன்பின் தெலங்கானா 2025 ஏப்ரல் 14 முதல் 1, 9, 5 விழுக்காடுகளாக மூன்று பிரிவுகளை நடைமுறைப்படுத்தியது. கவனிக்க வேண்டியது நேரம்: 2023 நவம்பரில், தெலங்கானா தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பு, பிரதமர் மோடி செகந்திராபாத்தில் மாதிகா என்ற பட்டியல் சாதியினரின் மாநாட்டு மேடையில் இதற்கு உறுதி அளித்தார். சட்டம் இயற்றி நடைமுறைப்படுத்தியது மாநிலக் காங்கிரஸ் அரசு. இரு கட்சிக்கும் அதில் பங்கு கோர இடமுண்டு.

கூடாத கூட்டங்கள்

வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இல் வந்தன. 16ஆவது விதிப்படி முதல்வர் தலைமையில் மாநிலக் கண்காணிப்புக் குழு உண்டு. அது ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். தமிழ்நாட்டில் மாநிலக் குழு 2013க்குப் பிறகு அதிமுக ஆட்சி முடியும்வரை கூடவில்லை. 2021 ஆகஸ்டில்தான் மீண்டும் கூடியது. இதற்காக மாநில அரசு எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. ஆனால் நிலுவை வழக்குகள், தண்டனை விகிதம், நிவாரணத் தொகை பற்றி முதல்வர் முன்னிலையில் காவல் துறை பதில் சொல்ல வேண்டிய தருணம் ஒருமுறைகூட வரவில்லை. 2021க்குப் பிறகு நிவாரணத் தொகையின் உச்சம் 8.25 லட்சத்திலிருந்து 12 லட்சமாக உயர்ந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான மாநில ஆணையமும் வந்தது.

தலித் தலைமையிலான கட்சி ஆண்டால் இது தானாகச் சரியாகும் என்றும் சொல்ல முடியாது. 2007இல் அனைத்துச் சாதிக் கூட்டணியால் தனிப் பெரும்பான்மை பெற்ற மாயாவதி அரசு, கொலை, பாலியல் வன்முறை போன்ற கடும் குற்றங்களுக்கே இச்சட்டத்தைப் பயன்படுத்த வேண்டும் என்ற பொருளில் காவல் துறைக்கு உத்தரவு அனுப்பியது. பிராமண வாக்கும் சேர்ந்துதான் ஆட்சி கிடைத்தது, அந்த வாக்கின் விலை இது.

மறுபக்கம், விருப்பம் இருந்தால் பழைய சட்டமே போதும் என்பதற்கு மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலமும் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தலும் சான்று. 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனி ஊராட்சிகளான இவற்றில் பத்தாண்டுகள் இரு கழக ஆட்சிகளிலும் முறையான தேர்தல் நடக்கவில்லை. மனுவே வராது, அல்லது ஊரார் நிறுத்திய ஆள் வென்ற கையோடு ராஜினாமா செய்வார். 2006இல் திமுக அரசும் மாவட்ட நிர்வாகமும் ஊர்ப் பெரியவர்களிடம் தொடர்ந்து பேசி, காவல் போட்டு, அக்டோபரில் தேர்தலை நடத்தின. தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள்.

சரிபார்க்க

உங்கள் மாவட்டத்தில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்க விரும்பினால், ‘எவ்வளவு ஒதுக்கினீர்கள்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த எண் எப்போதும் பெரிதாகவே இருக்கும். ஆதிதிராவிடர் நலத் துறையின் மானியக் கோரிக்கை எண் 4. அதோடு நிற்காமல் ஊரக வளர்ச்சி, வேளாண்மை, பள்ளிக் கல்வி, சமூக நலக் கோரிக்கைகளிலும் 789 எங்கே வருகிறது என்று தேடுங்கள். பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு மூன்றையும் ஒரே வரிசையில் வையுங்கள். மூன்றாவது எண் இரண்டு ஆண்டு கழித்துத்தான் கிடைக்கும். தகவல் உரிமை மனுவில் நான்கு கேள்விகள் போதும்: இந்த மாவட்டத்தில் 789இன் கீழ் ஒவ்வொரு காலாண்டிலும் விடுவித்த தொகை, மார்ச் மாதத்தில் மட்டும் செலவானது, திருப்பி ஒப்படைத்தது, ஒவ்வொரு பணியும் நடந்த குடியிருப்பின் பெயர். கடைசிக் கேள்விக்குத்தான் ‘தகவல் தொகுக்கப்படவில்லை’ என்ற பதில் வரும். வந்தால் மேல்முறையீட்டை முப்பது நாளுக்குள் போட வேண்டும். அதே மனுவோடு, மாவட்டக் கண்காணிப்புக் குழு கடந்த மூன்று ஆண்டுகளில் கூடிய தேதிகளையும் நடவடிக்கைக் குறிப்புகளின் நகல்களையும் தனி மனுவாகக் கேளுங்கள். மூன்று ஆண்டுக்குப் பன்னிரண்டு தேதிகள் வர வேண்டும்.